பளிச்சென்றால் போதுமா?

கடைக்காரர் பொத்தானை அமுக்குகிறார். டார்ச் விளக்கு பளிச்சென்று எரிகிறது. உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்!

இவ்விளக்குகளைச் சோதிக்க 2009-ல் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்றொரு தரவிதி வகுத்தார்கள். அதன்படி, வெளிச்சம் முழு நிலவின் அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸாக, மங்கும் இடமே ஒளி எட்டும் தூரம். 'எரியும் நேரம்' என்பதோ, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை! ஆகவே, பெட்டியில் '5 மணி நேரம்' என்றிருந்தால், அவ்வளவு நேரமும் பளிச்சென்று எரியும் என்று நம்பிவிட வேண்டாம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். புதுப் பாட்டரி போட்டு, இருட்டறையில் விளக்கை மேல்நோக்கி நிறுத்துங்கள். அரைமணிக்கு ஒரு தரம், மருந்துப் புட்டியின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். எழுத்துத் தெரியாமல் போகும் நேரமே உண்மைக் கணக்கு. நடுநிசியில் மின்சாரம் போய், குழந்தைக்கு மருந்து ஊற்றும்போது அளவு தப்பக் கூடாதல்லவா?