சொல்ல ஏதுமில்லாத குருவிக்குத் தூக்கு

சிங்கப்பூரில் போதைப்பொருள் கடத்தியவருக்குத் தூக்குத் தேதி குறிக்கப்படும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி வருகிறது: குற்றம் ஒன்று, எடையும் ஏறக்குறைய ஒன்று, ஒருவர் பிழைக்க, இன்னொருவர் ஏன் சாகிறார்? விடை, 2013 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள, போதைப்பொருள் சட்டத்தின் 33பி பிரிவில் இருக்கிறது. பதினைந்து கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தியவருக்கு அதுவரை மரணம் தவிர வேறு தண்டனை கிடையாது. இப்போது, தான் வெறும் குருவி, சரக்கைச் சுமந்ததோடு சரி என்று நிரூபித்து, மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குக் 'கணிசமான உதவி' செய்ததாகச் சான்றிதழும் பெற்றால், நீதிபதி ஆயுள் சிறையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்கலாம்.

அந்தச் சான்றிதழைத் தருவது நீதிமன்றம் அல்ல, மரண தண்டனை கேட்டு வாதாடும் அதே அரசுத் தரப்பு. மனந்திறந்து எல்லாவற்றையும் சொன்னால் போதாது. சொன்னது கடத்தலை முறியடிக்க உதவியிருக்க வேண்டும். உதவியதா என்பதை அரசுத் தரப்பே முடிவு செய்யும். கெட்ட நோக்கமோ வன்மமோ இருந்தது என்று காட்டினாலொழிய அந்த முடிவை அசைப்பது மிகக் கடினம். கும்பலில் மேலே இருப்பவரிடம் பெயர்களும் முகவரிகளும் இருக்கும். கடன்பட்டோ மிரட்டப்பட்டோ பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வரும் இருபது வயதுப் பையனுக்குச் சரக்கைக் கொடுத்தவரின் உண்மைப் பெயர்கூடத் தெரியாது. குற்றத்தில் பங்கு குறையக் குறைய, உயிரை மீட்க அவன் கொடுக்கக்கூடியதும் குறைகிறது.

மலேசியர் இருவரின் வழக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2007இல் 19 வயதில் பிடிபட்ட யோங் வுயி கோங்கிடம் இருந்தது 47.27 கிராம். சான்றிதழ் கிடைத்தது, 2013 நவம்பரில் மரண தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2009இல் 21 வயதில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்ட ஈப்போ நாகேந்திரன் தர்மலிங்கத்தின் தொடையில் கட்டியிருந்தது அதைவிடக் குறைவு, 42.72 கிராம். அவரும் குருவிதான் என்று நீதிமன்றம் ஏற்றது. சான்றிதழ் மட்டும் இல்லை. நுண்ணறிவு ஈவு 69 என்ற மருத்துவ மதிப்பீடும் காப்பாற்றவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார்.

விளைவு பாராமல் சலுகை தந்தால் குருவிகள் கட்டுக்கதை சொல்வார்கள், கும்பல்களும் அதற்குத் தயார்செய்தே ஆளை அனுப்பும் என்கிறது அரசு. கவலை நியாயமானது, ஆனால் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவது நீதிமன்றங்களின் அன்றாட வேலை. சொன்ன தகவலையும், அதை அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்பதையும் மூடிய அறையில் நீதிபதி முன் வைத்தால் புலனாய்வு கெடாது. தகவல் தாமதமாகக் கையாளப்பட்டு வீணானால், அந்தத் தாமதத்துக்கும் கைதியின் கழுத்தே விலையாகக் கூடாது. கடுமை இருந்தால்தான் கடத்தல் அடங்கும் என்ற வாதமும் இங்கே செல்லாது: பிடிபட்ட பின் என்ன பேரம் நடக்கும் என்று கணக்குப் போட்டு எந்தப் பையனும் எல்லை தாண்டுவதில்லை.

வாசகர்களின் மற்ற கேள்விகள். குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவர்? தூக்கு இல்லை.

தூதரகம்? சந்திக்கலாம், வழக்குரைஞர் ஏற்பாடு செய்யலாம். தீர்ப்பில் தலையிட முடியாது.

கருணை மனு? அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அதிபர் முடிவெடுப்பார்.

மேல்முறையீடு முடிந்தபின் புது மனு? 2024 ஜூன் முதல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன்அனுமதி வேண்டும்.