வானொலியாளரும் பல்கலைக்கழகப் பேரவையும்

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. 2005ஆம் ஆண்டில் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இவ்விரண்டிற்கும் உரியது என்பதை அதன் பெயரே உணர்த்தும். வெல்லஸ்ஸ என்பது மொனராகலைப் பகுதியின் பழம்பெயராகும். அதனை ஆளும் பேரவையில் எத்தகையோர் அமர்தல் வேண்டும் என்னும் வினா நமக்கும் உரியதே. ஒலிபரப்புத் துறையில் நெடுங்காலம் உழைத்த ஒருவர்க்கு அங்கே என்ன வேலை எனச் சிலர் ஐயுறுவர். அவ்வையத்தை ஆராய்வோம்.

நமது பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குவன. பாடத்திட்டம், பரீட்சை முதலியவற்றை மூதவை கவனிக்கும்; நிதியும் நியமனமும் நிருவாகமும் பேரவையின் பொறுப்பாம். துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவையின் பிரதிநிதிகள் முதலியோர் பேரவையின் உள்ளக உறுப்பினர். இவர்களினும் எண்ணிக்கையில் ஒருவர் மிகுதியாக வெளியுறுப்பினரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும். கல்வி, வணிகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிருவாகம் முதலிய துறைகளில் அருஞ்சேவை புரிந்தோரே அதற்குத் தகுதியுடையோர். பல்கலைக்கழகம் பொதுமக்களின் பணத்தால் நடைபெறுவது. ஆதலின் அவர்தம் குரலும் அங்கே ஒலித்தல் வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் பயன்.

இனி, ஒலிபரப்பாளர் பெறும் பயிற்சி எத்தகையது? அதனைச் சோ. சிவபாதசுந்தரம் அவர்களின் (1912–2000) வாழ்க்கையிற் காணலாம். ‘ஈழகேசரி’யின் ஆசிரியராய் விளங்கிய அப்பெரியார், பின்னர் இலங்கை வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளை அமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1940களின் பிற்பகுதியில் இலண்டன் பி.பி.சி. நிலையத்திற் பணியாற்றினார். அங்கு 1941இல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்னும் பெயரைச் சூட்டிய பெருமை அவரையே சாரும். தாம் பெற்ற அனுபவத்தைத் தம்மோடு ஒழியவிடாது, 1954இல் ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலாக்கித் தமிழர்க்கு அளித்தார்.

பத்திரிகை வாசகன் விளங்காத வரியை மீண்டும் படிக்கலாம். வானொலி கேட்போனுக்கோ அவ்வசதி இல்லை. ஒருமுறை கேட்டதும் விளங்காத சொல் வீண்சொல்லே. ஆதலால் தான் காணாத ஒருவனை எந்நேரமும் மனக்கண்முன் நிறுத்திப் பேசுபவனே நல்ல ஒலிபரப்பாளன். கொழும்பிலுள்ள அறிஞனுக்கும், ஊவாத் தோட்டத்து லயத்தில் வேலை முடிந்து அமர்ந்திருக்கும் தொழிலாளிக்கும் ஒருங்கே விளங்கும்படி பேச அவன் கற்கின்றான். பெரியோரிடத்து வினாவெழுப்ப அஞ்சாமையும் அவனுக்குப் பழகிப்போகின்றது. இலண்டனில் கீழைநாட்டு, ஆபிரிக்கக் கல்விக்கென அமைந்த ‘சோவாஸ்’ நிறுவனம், பி.பி.சி.யின் செய்தியாளராய்ப் புகழ்பெற்ற செயினப் பதாவி அம்மையாரை 2021இல் தன் தலைவராக ஏற்றது. ஒலிபரப்புத் துறையினரைக் கல்விக்கழகங்கள் மதித்து அழைத்தல் பிறநாட்டு வழக்கமே என்பதற்கு இது சான்று.

ஊவாவில் இத்தகையோர்க்கு வேலை மிகுதி. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்ட மக்கட்டொகைக்கும், 5 பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பெற்றமை நாம் அறிந்ததே. பதுளையும் மொனராகலையும் அப்பதினாறனுள் அடங்கும். ஆயினும் மாவட்டக் கணக்கு, நகரத்துப் பாடசாலையையும் தோட்டத்துப் பாடசாலையையும் வேறுபிரித்து அறியாது. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் உயர்தர வகுப்புகள் தோட்டப்புறங்களில் அரியன. அவற்றைக் கடந்து நுழையும் மாணவனும் ஆங்கில மொழியிலேயே பட்டப்படிப்பைத் தொடர்தல் வேண்டும். தேயிலைத் தொழினுட்பத்தைப் பட்டப்படிப்பாக்கிய கழகத்தில், தேயிலை கொய்வோர்தம் மக்கள் அருகியே காணப்படின் அது பொருந்துமா?

அனுமதி விகிதத்தை மாற்றும் அதிகாரம் பேரவைக்கு இல்லை. ஆயினும் விடுதி, உதவிநிதி, முதலாண்டு ஆங்கிலப் பயிற்சி ஆகியவற்றிற்குப் பணமும் ஆளும் ஒதுக்குகையில் அதன் சொல்லுக்கு வலிமை உண்டு. “இவ்வறிவித்தல் தோட்டத்துப் பெற்றோர்க்குத் தமிழில் எட்டியதா? கேட்டதும் விளங்குமா?” என வினவ ஒருவர் அங்கிருத்தல் வேண்டும். அறிஞர் பலர் கூடிய அவையில் இவ்வெளிய வினாவே மறக்கப்படுவது. காணாத கேட்போனை எண்ணிப் பழகிய ஒலிபரப்பாளனோ அதனை மறவான்.

பழைய மாணவர்களே, பேரவைக்குத் தக்கோர் யாவர் எனப் பேச்செழும்போது பட்டங்களை மட்டும் எண்ணாது, மக்களிடம் பேசிப் பழகியோரையும் எண்ணுங்கள். அவர்தம் பெயர்களை எடுத்துரைப்பதும் கல்வித் தொண்டேயாகும்.