பின்முடியில் என்ன இருக்கிறது?

கும்பகோணத்தைச் சுற்றி எத்திசை நோக்கினும் வயலும் வாய்க்காலும் கோபுரமுமே தெரியும், மலை தெரியாது. அருகிலுள்ள சுவாமிமலையும் கட்டுமலைதான். தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய அறுபது படிகளை ஏறினால் தகப்பன்சுவாமியின் சந்நிதி வந்துவிடும். இத்தகைய சமவெளியில் பிறந்து வளர்ந்த பெரியோர் பலர், திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தியோ பீமரத சாந்தியோ நிறைவுற்ற கையோடு கேதாரம், பத்ரி, ஆதி கைலாயம் என்று இமயத்துக்குப் புறப்படுகின்றனர். சிலர் சதுரகிரிக்கும் சபரிமலைப் பெருவழிக்கும் செல்கின்றனர். பயணச்சீட்டு, அறை, தென்னிந்தியச் சாப்பாடு ஆகியவற்றைப் பயண ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்கிறார். வழி அடைபட்டு மலையில் தங்க நேரும் ஓர் இரவுக்கு மட்டும் எவரிடமும் ஏற்பாடு இருப்பதில்லை.

அப்படியோர் இரவு நேராத ஒன்றன்று. 2024 செப்டம்பரில் சிதம்பரம் பகுதியிலிருந்து ஆதி கைலாயம் சென்ற 30 பேர், தரிசனம் முடித்துத் திரும்புகையில் நிலச்சரிவால் சாலை துண்டிக்கப்பட்டு உத்தராகண்டில் சிக்கிக்கொண்டனர். பின்னர் ஹெலிகாப்டர் மூலம் தார்ச்சூலாவுக்குப் பத்திரமாகக் கொண்டுவரப்பட்டனர். 2018 ஜூலையில் கைலாச மானசரோவர் யாத்திரையிலிருந்து திரும்பிய இந்தியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், வானிலை மோசமாகிச் சிறு விமானங்கள் பறக்க இயலாமையால், நேபாளத்தின் சிமிகோட், ஹில்சா ஆகிய மலையூர்களில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தனர். அவர்களுள் தமிழகத்தாரும் உண்டு.

நம் முன்னோர் இதை எண்ணாதவர் அல்லர். சபரிமலை இருமுடியில் முன்முடி ஐயனுக்குரியது; நெய்த்தேங்காயும் பூஜைப் பொருள்களும் அதில் இருக்கும். பின்முடி யாத்திரிகருடையது, வழியில் அவர் உண்ணவும் உயிர் தாங்கவும் வேண்டியவை அதில் இருக்கும். சுமையில் சரிபாதியை உடலின் காப்புக்கென ஒதுக்கியிருக்கின்றனர். திருமணத்தில் விளையாட்டாய்ப் போய்விட்ட காசி யாத்திரைச் சடங்கிலும் மாப்பிள்ளையின் கையில் குடையும் தடியும் காலில் பாதரட்சையும் உண்டு. கால்நடையாய்க் காசிக்குப் போன காலத்தில் அவை வேடிக்கைப் பொருள்கள் அல்ல. இன்றைய யாத்திரைப் பையைத் திறந்தாலோ முறுக்கும் தட்டையும் புளிக்காய்ச்சலுமே நிறைந்திருக்கும்.

மலையில் உணவின் இடம் கடைசி. மூச்சின்றி மூன்று நிமிடம், கடுங்குளிரில் காப்பின்றி மூன்று மணி, நீரின்றி மூன்று நாள், உணவின்றி மூன்று வாரம் என்பது மலையேற்றப் பயிற்சியில் சொல்லித்தரும் தோராயக் கணக்கு. ஏகாதசி விரதம் பழகியவர்க்கு ஒருநாள் பட்டினி பெரிதன்று. குளிருக்கு அத்தகைய பழக்கம் நம்மிடம் இல்லை.

2013 ஜூன் 16, 17 தேதிகளில் சோராபாரி ஏரி உடைந்து மந்தாகினி பெருக்கெடுத்துக் கேதாரத்தைச் சூறையாடியபோது, வெள்ளத்துக்குத் தப்பி மலைச்சரிவுகளின்மேல் ஏறியவர் பலர். மூன்றாண்டுகளுக்குப் பின், 2016 அக்டோபரில், திரியுகிநாராயணம் செல்லும் காட்டுவழியில் எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. வெள்ளம் விட்டுவைத்தவர்களைக் குளிரும் பசியும் கொண்டு சென்றிருக்கின்றன. 11,000 அடிக்கு மேலுள்ள அவ்விடத்தில் ஆனி மாத மழையில் நனைந்தவர்க்கு, நம்மூர் மார்கழிக் குளிரை நூறு முறை எண்ணினாலும் ஈடாகாத குளிர் வாய்க்கும்.

ஆகவே பின்முடியின் முதற்பொருள் உலர்ந்த துணி. பருத்தி வேட்டியும் புடவையும் நனைந்தால் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். கம்பளி உள்ளாடை, குல்லா, காலுறை ஆகியவற்றில் ஒரு மாற்று, நீர்புகாத பாலித்தீன் பையில் முடிந்து, தோளில் தொங்கும் பையிலேயே இருக்க வேண்டும். பேருந்தின் கூரையிலோ மட்டக்குதிரையின் முதுகிலோ போய்விட்ட பெட்டியில் இருப்பது அந்த இரவுக்கு உதவாது. முழங்கால் வரை நீண்ட மழையங்கி, இருவர் உட்காரத்தக்க பாலித்தீன் விரிப்பு, வெள்ளித்தாள் போன்று மடித்தால் கைக்குட்டை அளவே இருக்கும் அவசரப் போர்வை ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் சுமை அதிகமில்லை. வெறுந்தரையில் படுக்கலாகாது. காய்ந்த சருகோ, பையோ, சுருட்டிய புடவையோ அடியில் வேண்டும். மேற்போர்வையினும் கீழ்விரிப்பு முக்கியம். குழுவினர் நெருங்கி உட்கார்ந்து முதியவரை நடுவில் வைத்துக்கொள்வது நல்லது.

நடுங்கிக்கொண்டிருந்தவர் பேச்சுக் குழறித் தள்ளாடத் தொடங்கினால் குளிர் உடலினுள் இறங்கிவிட்டது என்று பொருள். ஈரத்துணியை மாற்றி, போர்த்தி, விழுங்க முடிந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுக்க வேண்டும். கைகாலைப் பரபரவென்று தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். அந்நிலையில் அது தீங்கு.

கற்பூரம் ஈரத்திலும் எளிதில் பற்றும். ஆயினும் கோடையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் தீ என்ற நினைப்பே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றத்தார் மாண்டதை மறத்தல் அரிது. இமயத்து விடுதியின் மூடிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்குவதும் அதேபோன்ற ஆபத்து; மணமில்லாத நச்சுப்புகை உறக்கத்திலேயே உயிரை வாங்கும்.

நீரைப் பற்றிக் காவிரிக்கரையாருக்குச் சொல்லவேண்டுமா என்று தோன்றலாம். இங்குதான் வேண்டும். மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும், செய்தித்தாள் முந்திக்கொள்ளும். காட்டோடையோ அறிவிப்பின்றி வரும். தலைக்குமேல் வெயில் அடிக்க, எங்கோ உச்சியில் பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையை ஆறாக்கிவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் அவ்வாறு வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேற்புறத்தில் இரைச்சல் கேட்டல் ஆகியவை அதன் முன்னறிகுறிகள். ஒன்று தென்பட்டாலும் மேட்டில் ஏறிவிட வேண்டும். முழங்கால் அளவே ஆயினும் விரைந்தோடும் நீர் ஆளைச் சாய்த்துவிடும். காட்டோடை ஏறும் வேகத்தில் பெரும்பாலும் வடியவும் செய்யும். அக்கரையில் அன்னதானம் காத்திருந்தாலும் இக்கரையில் சில மணி நேரம் உட்கார்ந்திருப்பதே அறிவு. குடிநீருக்குக் குளோரின் மாத்திரை ஓர் அட்டை போதும். நீரிலிட்டு அரைமணி பொறுத்துப் பருகலாம்.

வழி தவறியவர் செய்யக்கூடாதது நடப்பது. தேடுவோர் கடைசியாக அவரைக் கண்ட இடத்திலிருந்து தொடங்குவர். அவர் நகர நகரத் தேடும் பரப்பு பெருகும். உட்கார்ந்து நூற்றெட்டு நாமம் சொன்னால் மூச்சு சீராகும். பதற்றத்தில் எடுக்கும் தவறான முடிவு அதற்குள் கடந்துவிடும். கூவிக் கூவிக் குரல் ஒரு மணியில் கம்மிவிடும். விசில் இரவு முழுவதும் ஒலிக்கும். மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் காத்து, மறுபடி மூன்று என்பதை மலையில் மீட்போர் உதவிக்குரலாக அறிவர். சபரிமலைக் கறுப்பு உடை காட்டு நிழலில் கண்ணுக்குப் புலப்படாது. ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள் துண்டு ஒன்று வேண்டும். டார்ச் விளக்கு கைபேசியில் இருக்கிறதே என்பர். கைபேசியின் மின்சாரம் விளக்குக்கன்று, 112-ஐ அழைப்பதற்கு. அலைவரிசை இல்லாத இடத்தில் தேடித்தேடியே அது தீர்ந்துவிடும். அணைத்துவைத்து, மேடான இடத்தில் மட்டும் திறந்து பார்க்க வேண்டும். பேச்சு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சிலநேரம் போகும்.

மருந்துக்கு வருவோம். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் பயண நாளைவிட ஐந்து நாளுக்கு அதிகமாக, இரு பங்காகப் பிரிக்கப்பட்டு, ஒன்று கணவரின் பையிலும் மற்றது மனைவியின் பையிலும் இருக்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்க்குப் பட்டினி ஆபத்து. அவர்க்குக் கற்கண்டும் வெல்லமும் பிரசாதமன்று, மருந்து. உயரத்தில் தலைவலியோடு குமட்டலும் நடைத் தள்ளாட்டமும் சேர்ந்தால் மேலே ஏறாமல் கீழே இறங்க வேண்டும், சந்நிதி ஒரு மைல் தூரத்தில் இருந்தாலும் சரி.

பெயர், இரத்த வகை, நோய், மருந்தின் பெயர், வீட்டார் இருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையிலிட்டு இடுப்பிலோ கழுத்திலோ வைத்துக்கொள்வது நலம். பிள்ளைகளின் எண்ணை இன்று எவரும் மனத்தில் வைத்திருப்பதில்லை. வங்கிக் கணக்குக்கு வாரிசு நியமிக்கத் தவறாதவர்கள்கூட, எந்நாளில் எவ்வழியில் எங்குத் தங்குவோம் என்ற ஒரு பக்கத் தாளை வீட்டில் விட்டுச் செல்வதில்லை. குறித்த நேரத்தில் தகவல் வராவிடில் யாரை அழைப்பது என்பதும் அத்தாளில் இருக்க வேண்டும்.

கைலாச மானசரோவர் யாத்திரைக்கு வெளியுறவு அமைச்சகம் 70 வயதை மேல்வரம்பாக வைத்திருக்கிறது. வெள்ளியங்கிரிக்கு வயது முதிர்ந்தோரும் இதயநோயாளரும் ஏறவேண்டாமென வனத்துறை கேட்டுக்கொள்கிறது. அந்த விதிகளை மனத்தாங்கலோடு பார்ப்பவர் உண்டு. புறப்படுவதற்கு ஒரு மண்டலம் முன்பிருந்தே, அதே காலணியும் அதே பையும் அணிந்து, விடியலில் மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு மணிநேரம் நடந்து பார்த்தால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். சுவாமிமலைப் படிகளை நிற்காமல் மூன்று முறை ஏறி இறங்குவதும் நல்ல சோதனை. விசிலை ஊதிப் பார்ப்பதை மட்டும் வீட்டு மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளலாம்.