ஜூலியற் விழித்த வேளை

ஒரு நூல் திரைப்படமாகும்போது அதில் எவை விடுபட்டன என்று கணக்குப் பார்ப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. விடுபடுதல் தவிர்க்க இயலாதது; ஆதலின் அக்கணக்கினால் மட்டும் பெரும் பயன் இல்லை. விடுபட்ட பகுதி மூலநூலில் என்ன பணியை ஆற்றியது என்று வினவுதலே திறனாய்வின் கடமை. ஷேக்ஸ்பியரின் ‘றோமியோவும் ஜூலியற்றும்’ என்னும் அவல நாடகத்தையும், அதனைத் தழுவி அவுஸ்திரேலியரான பாஸ் லூர்மன் 1996இல் நெறிப்படுத்திய திரைப்படத்தையும் இக்கண்கொண்டு ஒப்பிட விரும்புகிறேன்.

திரைப்படத்தின் துணிவை முதலிற் சொல்லிவிட வேண்டும். வெறோனா அங்கே ஒரு கற்பனைக் கடற்கரை நகராகிறது. பகைமை கொண்ட இரு குடும்பங்களும் இரு வணிகப் பேரரசுகளாகின்றன. வாள்கள் மறைந்து கைத்துப்பாக்கிகள் வருகின்றன. அத்துப்பாக்கிகளின் மேல் ‘வாள்’ என்றே பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாடகத்தின் முன்னுரையைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் வாசிக்கிறார். இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் பாத்திரங்கள் பேசுவது ஷேக்ஸ்பியரின் மொழியையே. சுருக்கப்பட்டதேயன்றி அது மாற்றப்படவில்லை. வேடத்தை மாற்றி மொழியைக் காத்த இம்முயற்சியை நான் பாராட்டவே செய்வேன்.

ஆயின் கல்லறைக் காட்சியில் திரைப்படம் மூலத்தை விட்டு விலகுகிறது. நாடகத்தில், ஜூலியற் இறந்துவிட்டாள் என நம்பி றோமியோ நஞ்சருந்தி மாள்கிறான். அதன் பின்னரே அவள் கண் விழிக்கிறாள். அவள் காண்பது உயிரற்ற உடலை. திரைப்படத்திலோ அவன் நஞ்சை அருந்தும் கணத்திலேயே அவள் விழித்துக்கொள்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் கண்டு, காலங் கடந்துவிட்டதை உணர்கின்றனர்.

இம்மாற்றம் லூர்மனின் புத்தாக்கம் அன்று. டா போர்த்தோ, பண்டெல்லோ ஆகிய இத்தாலியக் கதாசிரியர்கள் இக்கதையைச் சொன்னபோது, காதலன் மடியுமுன்னரே காதலி விழித்தாள். பிரெஞ்சுக்காரரான புவாஸ்துவோ அதனை மாற்றினார். அவர் வழியில் ஆர்தர் புறூக் 1562இல் வெளியிட்ட ஆங்கிலக் காவியமே ஷேக்ஸ்பியருக்கு மூலமாயிற்று. பின்னர் 1748இல் நடிகர் டேவிட் கரிக், இருவரையும் கல்லறையிற் பேசவைத்து நாடகத்தைத் திருத்தி அரங்கேற்றினார். அத்திருத்தமே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் ஆங்கில அரங்கை ஆண்டது. கண்ணீரை வரவழைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

அவ்வாறாயின் நாடகம் அக்கண்ணீரை ஏன் வேண்டாமென விலக்குகிறது? அங்கே ஒவ்வொருவரும் தனித்தே இறக்கின்றனர். நிகழ்ந்தது இன்னதென்பதை அறியாமலே றோமியோ மடிகிறான். அந்த உண்மை காதலர்களுக்குள் அடங்கிப்போகாமல், உயிரோடிருப்போரைத் தேடி வருகிறது. ஜூலியற் மாய்ந்த பின்னரும் நூற்றுக்கு மேற்பட்ட அடிகள் நாடகத்தில் எஞ்சியிருப்பதன் காரணம் இதுவே.

அவ்வடிகளில் லோறன்ஸ் துறவி நடந்தவற்றை ஆதியோடந்தமாக எடுத்துரைக்கிறார். நாம் கண்ணாற் கண்டதை மீண்டும் ஏன் கேட்க வேண்டும் என்று குறை கூறுவோர் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். துறவி உரைப்பது நமக்காக அன்று; பெற்றோருக்காக. தம் பிள்ளைகள் மணம் புரிந்தோர் என்ற செய்தியையே அவர்கள் அப்பொழுதுதான் அறிகின்றனர். மகளைப் பாரிஸ் பிரபுவுக்குக் கொடுக்க நாள் குறித்த தந்தை, அவள் அதற்கு முன்னரே பகைவன் மகனின் மனைவியாயிருந்தாள் என்பதைப் பிணத்தின் அருகில் நின்று கேட்கிறார். கேட்டபின் அவர் மொன்ரகியூவின் கையைப் பற்ற வேண்டுகிறார். உயிரோடிருந்த பிள்ளைகளால் சம்பந்திகளாக இயலாத இருவர், இறந்த பிள்ளைகளால் சம்பந்திகளாகின்றனர். இதனினும் கொடிய அவலம் வேறு யாது?

ஷேக்ஸ்பியர் அந்த இணக்கத்தையும் எளிதில் நம்பிவிடுபவரல்லர். தந்தையர் இருவரும் பொற்சிலை எழுப்புவதாக ஒருவரையொருவர் விஞ்சி வாக்களிக்கின்றனர். பொன்னே நஞ்சினும் கொடிது என்று நஞ்சு விற்ற ஏழை மருந்து வணிகனிடம் றோமியோ சொல்லிச் சென்றதை நினைவிற் கொண்டவர்க்கு, இவ்வாக்குறுதி நெஞ்சை உறுத்தும்.

திரைப்படத்தில் இவையாவும் இல்லை. துறவியின் உரையில்லை; கைகோத்தலில்லை; பொற்சிலையுமில்லை. உடல்கள் வெளியே கொண்டுவரப்படுகின்றன. அனைவரும் தண்டிக்கப்பட்டோம் என்று நகர்க்காவலின் தலைவர் முழங்குகிறார். மீண்டும் செய்தியாளர் தோன்றி முடித்துவைக்கிறார். ஒரு குடியின் பேரிழப்பு அன்றைய செய்திகளுள் ஒன்றாகிக் கரைந்துபோவதாகக் காட்டியது நம் காலத்தைப் பற்றிய கூரிய கண்டனம் என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. எனினும் பெற்றோர் உண்மையை அறியும் அக்கணத்தை இழந்ததற்கு அது ஈடாகாது என்பதே என் துணிபு.

திரைப்படம் இரு காதலர்க்காக நம்மை அழவைக்கிறது. நாடகமோ, அவர்களைச் சாகவிட்ட ஊரைக் கூண்டில் நிறுத்துகிறது. திரைப்படத்தை மட்டும் கண்டு நாடகத்தை அறிந்துவிட்டதாக எண்ணும் மாணவர், காதலின் துயரை அறிவர். பகையை வளர்த்தோர் தாம் செய்ததைத் தம் செவியாலேயே கேட்கும் அந்த நீண்ட விடியற்பொழுதை அறியார். ஆசிரியர்கள் வகுப்பிலே படத்தைக் காட்டட்டும். காட்டியபின், ஜூலியற் இறந்ததற்குப் பிந்திய அடிகளையும் தவறாது வாசிப்பிக்கட்டும்.