காந்தத்தைத் திருப்ப ஒரு வோல்ட் போதுமா?

எம்ரேம் பற்றிப் பேசினப்போ நேரம் பத்தாமல் விட்டதை இங்கே எழுதுறேன்.

பீலெஃபெல்ட் என்று ஒரு ஊரே கிடையாதுன்னு 1994-லிருந்து ஜெர்மனியில் ஒரு ஜோக் உண்டு. 2019-ல் மாநகராட்சியே, 'இல்லைன்னு நிரூபிச்சா பத்து லட்சம் யூரோ' என்று அறிவித்தது. ஊர் இருக்கு, அங்கே ஒரு பல்கலைக்கழகமும் இருக்கு. அதில் குந்தர் ரைஸ் குழு பல வருஷமா ஆராய்ந்தது எம்ரேமின் அடிப்படைச் செல்லைத்தான்.

அந்தச் செல்லில் இரண்டு காந்தப் படலங்கள், நடுவில் ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் மக்னீசியம் ஆக்சைடு. இரண்டு காந்தமும் ஒரே திசை பார்த்தால் மின்தடை குறைவு, எதிரெதிராக இருந்தால் அதிகம். அதுதான் 0, 1. பவர் போனாலும் அழியாது.

படிக்கிறது சுலபம், எழுதுறதுதான் தலைவலி. இன்றைய சிப்களில் ஒரு பிட்டை மாற்ற கரண்ட்டைப் பாய்ச்சணும். கரண்ட் பாய்ந்தால் சூடு, சூடு என்றால் வீணாகும் பேட்டரி. வெறும் வோல்டேஜால் முடியாதா?

சிக்கல் என்னன்னா, உலோகத்துக்குள் மின்புலம் நுழையாது. மேற்பரப்பு எலெக்ட்ரான்கள் ஓரிரு அணு ஆழத்திலேயே தடுத்துவிடும். அப்போ காந்தத்தையே சில அணு அடுக்குத் தடிமனில் செய்தால்? கிட்டத்தட்ட முழுக்க மேற்பரப்புதான்! இரும்பும் ஆக்சிஜனும் கைகோர்க்கும் அந்த எல்லைதான் காந்தம் நிற்பதா படுப்பதா என்பதில் பெரும்பங்கு வகிக்குது. 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இரும்பு–மக்னீசியம் ஆக்சைடு எல்லையில், நானோமீட்டருக்கு 100 மில்லிவோல்ட்டுக்கும் குறைவான மின்புலத்தால் அந்தப் பிடிப்பைச் சுமார் 40 சதவீதம் மாற்றிக் காட்டினார்கள்.

அதே 2009-ல் பீலெஃபெல்டில் இன்னொரு விஷயம் தெரிந்தது. அந்தச் செல்லின் மின்தடை காந்தத் திசையை மட்டும் பொறுத்ததல்ல, முன்பு கொடுத்த வோல்டேஜையும் அது நினைவில் வைத்திருந்தது. வெறும் சுவர்னு நினைச்ச ஆக்சைடு சும்மா இல்லை!

ஆனா ஒரு பிரச்சினை. இந்த முறையில் வோல்டேஜ் காந்தத்தைத் தள்ளாது, பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான். காந்தம் பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பிக்கும். சரியாகப் பாதிச் சுற்றில் நிறுத்தணும், தாமதித்தால் பழைய இடத்துக்கே வந்துடும். அவகாசம் ஒரு நானோநொடி அளவுதான். கோடிக்கணக்கான செல்களில் இதைப் பிசகாமல் செய்யணும்.

வேறு வழியும் இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராமமூர்த்தி ரமேஷின் பெர்க்லி குழு, 2014-ல் பிஸ்மத் ஃபெரைட் என்ற ஆக்சைடின் மேல் வைத்த காந்தத்தை, அறை வெப்பநிலையிலேயே மின்புலத்தால் நேர் எதிராகத் திருப்பியது. இங்கே பம்பரக் கணக்கு வேண்டாம். பதிலாக, எத்தனை முறை எழுதினாலும் களைக்காத படலம் வேண்டும்.

என் பார்வையில் பந்தயம் இப்போது இயற்பியலில் இல்லை, நம்பகத்தன்மையில்தான். ஆய்வகத்தில் ஒரு செல் திரும்பினால் செய்தி. கோடி செல்கள் கோடி முறை திரும்பினால்தான் அது மெமரி.