மணிக்கட்டைப் பூட்டிவிடலாமா?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தகடு வெட்டி, அரத்தால் ராவி, சாவி பொருத்துகிற அந்தக் கைத்தொழிலில் பாரமெல்லாம் மணிக்கட்டில்தான் இறங்கும். அது பழுதானால்? முழங்காலைப் போல மணிக்கட்டையும் மாற்றலாம். பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் 1890-லேயே, காசநோய் அரித்த மணிக்கட்டுக்குத் தந்தத்தில் மூட்டு செய்து வைத்தார். ஆனால் சுத்தியல் பிடிக்கிற கைக்கு மாற்று மூட்டைவிட, மூட்டை அசையாமல் இணைத்துவிடும் அறுவையே பெரும்பாலும் மேல்.

மணிக்கட்டு ஒற்றைக் கீல் அல்ல. கூழாங்கல் போன்ற எட்டுச் சிற்றெலும்புகளின் அடுக்கு. முடக்குவாதம் அதை அரிக்கும். கையூன்றி விழும்போது அவற்றில் படகு போன்ற எலும்பு முறிவதும் உண்டு. முதல் எக்ஸ்ரேயில் அது தப்பிவிடலாம். சுளுக்கு என்று எண்ணெய் தடவிவிட்டால், சேராத எலும்பு ஆண்டுகள் கழித்து மூட்டையே தேய்த்துவிடும். மாற்று அறுவையில் முன்கை எலும்பில் ஓர் உலோகத் துண்டு, சிற்றெலும்புகளில் இன்னொன்று, நடுவே வழவழப்பான பாலிஎத்திலீன். இடுப்பு மூட்டை மாற்றும்போது தொடை எலும்பில் நீண்ட தண்டை ஆழமாக இறக்கலாம். கூழாங்கற்களில் பிடிமானம் ஏது? தளர்வதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அதனால்தான் 4, 5 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள் என்கிறார்கள். பட்டறைக்காரருக்கு அது தொழிலை விடச் சொல்வதற்குச் சமம்.

மடங்காத கை ஊனமான கைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயம், ஆனால் பாதிதான். சாவியைத் திருப்பும் அசைவு மணிக்கட்டில் நடப்பதே இல்லை. முன்கையின் இரண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சுழல்வதால் நடக்கிறது. மணிக்கட்டைத் தகடு வைத்து இணைத்த பிறகும் அது மிஞ்சும். சற்றே பின்னோக்கிச் சாய்த்து இணைப்பதால் பிடியும் இறுகும். வலியோ பெரும்பாலும் போய்விடும். சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முழங்கையும் தோளும் பழகிக்கொள்ளும். சிலருக்குப் படகெலும்பை மட்டும் எடுத்து, மிச்சத்தில் நான்கை இணைத்தால் பாதி அசைவாவது தங்கும்.

எதிர்வாதம் வலுப்பது முடக்குவாதத்தில் இரண்டு மணிக்கட்டும் போன முதியவரிடம். இரண்டையும் இணைத்தால் கால் கழுவுவதே பெரும்பாடு. பாரம் தூக்காத அந்த முதியவருக்கு ஒரு கையில் மாற்று மூட்டு வைப்பது தகும். பின்னாளில் அது தளர்ந்தாலும் எடுத்துவிட்டு இணைக்கலாம். குறைந்துபோன எலும்புக்கு ஈடாக இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து ஒட்டவேண்டி வரும்.