போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கிகள்

போல்ட் ஆக்‌ஷன் என்பது ரைஃபிள் வகைத் துப்பாக்கியின் குழலைப் பின்புறமிருந்து ஓர் உருளைத் தண்டால் கையால் திறந்து மூடும் முறையாகும். கதவுத் தாழ்ப்பாளைப் போன்றதே இதன் இயக்கம். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்று உறை வெளியே தெறிக்கும். முன்னே தள்ளிக் கீழே இறக்கினால் அடுத்த தோட்டா உள்ளே சென்று, தண்டும் பூட்டிக்கொள்ளும்.

ஓசூருக்குத் தெற்கே கர்நாடக எல்லையை ஒட்டிய ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகள் வேட்டை நூல்களின் வழியே வெளியுலகில் அறியப்பட்டவை. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974), ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலியைப் பற்றி 1954-இல் வெளிவந்த தம் முதல் நூலில் எழுதியுள்ளார். ஆனால் அவர் பெயருடன் சேர்த்துப் பேசப்படும் துப்பாக்கி போல்ட் வகை அல்ல. அது விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை அசைத்து இயக்கும் .405 வின்செஸ்டர் 1895. வடக்கே ஜிம் கார்பெட்டுக்கு, சம்பாவத் ஆட்கொல்லியைக் கொன்றதற்காக 1907-இல் பரிசளிக்கப்பட்ட .275 ரிக்பி, மவுசர் அமைப்பிலான போல்ட் துப்பாக்கியாகும்.

மவுசரும் லீயும்

ஜெர்மனியின் பவுல் மவுசர் 1898-இல் நிறைவுசெய்த வடிவமே இன்றுவரை அளவுகோலாக உள்ளது. தண்டின் முன்முனையிலுள்ள இரண்டு பூட்டுப் பற்கள், வெடிப்பின் அழுத்தத்தைத் தோட்டாவுக்கு அருகிலேயே தாங்குகின்றன. ஆபத்துக்கு உதவ, பின்னால் மூன்றாவது பல் ஒன்றும் உண்டு. இதைவிட முக்கியமானது அதன் நீண்ட கவ்வி. தோட்டா பெட்டியிலிருந்து மேலெழும்போதே அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு, வெற்று உறையாக வெளியேறும் வரை கவ்வி விடுவதில்லை.

இதன் அருமை பதற்றத்தில்தான் தெரியும். காயம்பட்ட புலி பாய்ந்து வரும்போது, தண்டை முழுதும் மூடாமலே மீண்டும் பின்னால் இழுத்துவிடுவது மனித இயல்பு. கவ்வியில்லாத தள்ளு முறையில், தண்டு தோட்டாவை வெறுமனே முன்னே தள்ளும். முழுதும் மூடும்போதுதான் பிடிப்பான் அதைப் பற்றும். பாதியில் இழுத்தால் முதல் தோட்டா குழலிலேயே தங்கிவிடும். அதன் பின்னால் இரண்டாவது வந்து முட்டித் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். மவுசரிலோ முதல் தோட்டா தண்டோடு திரும்பிவந்து வெளியே விழுந்துவிடும்.

லீ-என்ஃபீல்டு அமைப்பில் பூட்டுப் பற்கள் தண்டின் பின்பகுதியில் உள்ளன. அழுத்தத்தில் தண்டு சற்றே நெகிழும் என்பதால் மிக வலுவான தோட்டாக்களுக்கு இது ஏற்றதல்ல. வேகத்தில் மட்டும் இதை மிஞ்சுவது கடினம். மவுசரின் கைப்பிடியை ஏறத்தாழ 90 பாகை தூக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ 60 பாகை போதும். ஊசியின் சுருள்வில்லும் திறக்கும்போது அல்லாமல் மூடித் தள்ளும்போதே இறுகுகிறது.

இந்திய உரிமதாரர்களிடம் பரவலாக உள்ள .315 ஸ்போர்டிங் ரைஃபிள், வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்டு அமைப்பைக் கொண்டு செய்யப்பட்டதே. ராணுவத் தோட்டாவான .303-க்குப் பொதுமக்களுக்கு உரிமம் மறுக்கப்பட்டதால் வந்தது இந்த 8 மி.மீ. தோட்டா. அதன் அடிவிளிம்பு வெளியே நீண்டிருக்கும். பெட்டியில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் சிக்கினால், எந்த நல்ல தண்டாலும் அதைத் தள்ள முடியாது.

பிற வடிவங்கள்

ஆஸ்திரியாவின் மான்லிகர்-ஷோனவர் (1903), சுழலும் தோட்டாப் பெட்டிக்காகப் பெயர்பெற்றது. 1962-இல் வந்த ரெமிங்டன் 700 தள்ளு முறையைப் பின்பற்றுகிறது. செய்வதற்கு எளிது, குறி துல்லியமானது, மான் வேட்டைக்குத் தாராளமாகப் போதும். 1936-இல் மவுசர் வகைக் கவ்வியுடன் வெளிவந்த வின்செஸ்டர் 70, செலவைக் குறைக்க 1964-இல் அதைக் கைவிட்டது. வேட்டைக்காரர்களின் அதிருப்தி நீடித்ததால், 1990-களில் கவ்வி மீண்டும் வந்தது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இக்காடுகளில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கை வேட்டையாட முதன்மை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஜவளகிரி, அஞ்செட்டிப் பகுதிக் காடுகள் 2014-இல் அமைக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் அடங்குகின்றன.